நொறுங்கு நட்சத்திரங்களின் சட்டகமும் வகைப்பாடும்

முட்தோலிகள் என்னும் விலங்குத் தொகுதியில் இன்று ஐந்து வகுப்புகள் உயிர்வாழ்கின்றன. அவை நட்சத்திர மீன்கள், நொறுங்கு நட்சத்திரங்கள், கடல் முள்ளெலிகள், கடல் அட்டைகள், கடல் அல்லிகள் என்பனவாம். இவற்றுள் இனங்களின் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவது நொறுங்கு நட்சத்திர வகுப்பே. இதுகாறும் 2,000-க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. கையைப் பற்றியவுடன் அது கணுக்கணுவாக ஒடிந்துவிடுவதால் இவற்றிற்கு இப்பெயர் வழங்குகிறது. அறிவியலார் இவற்றை ஒபியூராய்டுகள் என்பர். பாம்பைப் போல் நெளியும் கைகளை உடையவை என்பது அதன் கருத்து.

உயிருள்ள விலங்கு ஒன்றை வகைப்படுத்த அதன் நிறம், மென்மையான உறுப்புகள், வளர்ச்சி, வாழிடம் ஆகிய எல்லாம் துணைபுரியும். பாறையில் புதைந்த விலங்குக்கோ சட்டகம் ஒன்றே எஞ்சுகிறது. ஆகவே உயிர்வாழும் இனங்களையும் மறைந்துபோன இனங்களையும் ஒரே அட்டவணையில் அமைக்க வேண்டுமாயின், இரண்டிற்கும் பொதுவான சட்டக அமைப்பையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும். அந்த அளவுகோல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

சட்டகத்தின் அமைப்பு

நொறுங்கு நட்சத்திரத்தின் உடல் வட்டமான நடுத்தட்டும் அதனின்று தெளிவாகப் பிரிந்து நீளும் கைகளும் கொண்டது. நட்சத்திர மீனில் கை அடிப்புறத்தில் அகன்று நடுவுடலோடு கலந்துவிடும். இங்கே அவ்வாறன்று. தட்டு வேறு, கை வேறு என ஒரே நோக்கில் கூறிவிடலாம். பெரும்பாலானவற்றில் கைகள் ஐந்து. சிலவற்றில் ஆறோ அதற்கு மேலோ இருக்கும்.

சட்டகம் தோலுக்கு அடியில் உண்டாகும் எண்ணற்ற சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் மக்னீசியம் கலந்த கால்சைட் என்னும் கனிமத்தாலானது. உருப்பெருக்கியின் அடியில் அது கெட்டியான கல்லாகத் தோன்றாமல், நுண்ணிய துளைகள் நிறைந்த வலைப்பின்னலாகக் காட்சியளிக்கும். இவ்வலைப்பின்னல் முட்தோலிகளுக்கே உரியது. மணலில் கிடக்கும் ஒரு துணுக்கு முட்தோலியைச் சேர்ந்ததா, சிப்பியைச் சேர்ந்ததா என்னும் ஐயம் எழுந்தால் இதனைக் கொண்டே தீர்த்துவிடலாம்.

கையின் ஒவ்வொரு கணுவிலும் ஐந்து உறுப்புகளைக் காணலாம். நடுவில் முள்ளெலும்பு எனப்படும் தடித்த துண்டு ஒன்று உண்டு. நம் முதுகெலும்பை ஒத்த தோற்றத்தால் இப்பெயர் பெற்றதேயன்றி, அதற்கும் இதற்கும் உறவு எதுவுமில்லை. இரண்டு தகடுகள் இணைந்து ஒன்றானதே இம்முள்ளெலும்பு. இதனைச் சூழ்ந்து மேல்தகடு ஒன்றும், கீழ்த்தகடு ஒன்றும், இருபுறமும் பக்கத் தகடுகள் இரண்டும் அமைந்துள்ளன. கைமுட்கள் பக்கத் தகட்டின் வெளிவிளிம்பில் பொருந்தியிருக்கும். கீழ்த்தகட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலிருந்து குழாய்க்கால்கள் வெளிவரும். அவற்றில் உறிஞ்சிகள் இல்லை. ஆதலால் இவ்விலங்கு குழாய்க்கால்களால் நடப்பதில்லை. கைகளையே வளைத்து வீசி நகர்கிறது.

முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் முறை இருவகைப்படும். ஒரு வகையில் முளைகளும் குழிகளும் ஒன்றுக்குள் ஒன்று அமர்கின்றன; கை பக்கவாட்டில் தாராளமாக வளையும், மேலும் கீழும் அவ்வளவாக வளையாது. மற்றொரு வகையில் சேணம் போன்ற இரு பரப்புகள் குறுக்காகப் பொருந்துகின்றன. கை எத்திசையிலும் சுருளும். கூடை நட்சத்திரங்கள் பவளக் கிளைகளைச் சுற்றிக்கொள்வது இவ்வமைப்பினாலேயே.

நடுத்தட்டின் மேற்புறத்தில், ஒவ்வொரு கையின் அடியிலும் இரண்டு ஆரக் கேடயங்கள் உள்ளன. சில இனங்களில் இவை பெரியனவாய் வெளிப்படையாகத் தெரியும். சிலவற்றில் செதில்களாலோ மணிகளாலோ மூடப்பட்டிருக்கும். அடிப்புறத்தில் நடுவே வாயும், அதனைச் சூழ ஐந்து தாடைகளும் உள்ளன. தாடையின் முனையில் பற்களும் ஓரத்தில் வாய்க்காம்புகளும் அமைந்திருக்கும். தாடைகளுக்கு வெளியே ஐந்து வாய்க் கேடயங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே நீர் புகும் சல்லடைத் தகடாகவும் பணிபுரிகிறது. நட்சத்திர மீனில் அச்சல்லடை மேற்புறத்தில் இருப்பதை நினைவு கூர்க.

வகைப்பாட்டின் வரலாறு

லின்னேயஸ் நட்சத்திர மீன்களையும் நொறுங்கு நட்சத்திரங்களையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். 1842-இல் ஜெர்மானிய அறிஞர் முல்லரும் டிராஷலும் இவற்றை முறைப்படுத்தி நூல் வெளியிட்டனர். 'சாலஞ்சர்' கப்பல் திரட்டிய ஒபியூராய்டுகளை ஆராய்ந்த அமெரிக்கர் தியோடர் லைமன் 1882-இல் தம் பெரிய அறிக்கையை வெளியிட்டார். இவர்கள் காலத்தில் பெரிதும் வெளித்தோற்றமே அளவுகோலாக இருந்தது. தட்டின் மேல் செதில் உண்டா, மணி உண்டா, முள் உண்டா என்பனவே முதற் கேள்விகள்.

ஜப்பானிய அறிஞர் மாட்சுமோட்டோ இம்முறையை மாற்றினார். 1915-இலும் 1917-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், தோலை நீக்கி உள்ளுறுப்புகளை நோக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முள்ளெலும்பின் பொருத்து, ஆரக் கேடயமும் இனப்பெருக்கத் தகடும் இணையும் விதம், வாய்ச்சட்டகத்தின் அமைப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, முழுமையான முள்ளெலும்பு உடையவற்றை நான்கு வரிசைகளாகப் பிரித்தார். முள்ளெலும்பின் இரு பாதிகளும் முற்றும் இணையாத தொன்மையான வடிவங்களைத் தனியே ஒதுக்கினார். அரை நூற்றாண்டுக் காலத்திற்கு மேல் பாடநூல்கள் பலவும் இவர் வழியையே பின்பற்றின.

இந்தியக் கடல்களில்

நம் நாட்டுக் கடல்களின் நொறுங்கு நட்சத்திரங்களைப் பற்றிய அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் திரட்டிய முட்தோலிகளைப் பற்றி ஜெப்ரி பெல் 1888-இல் எழுதினார். 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வாரியெடுத்தவற்றைப் பிரெஞ்சு அறிஞர் ரெனே கோலர் ஆராய்ந்தார். ஆழ்கடல் இனங்களைப் பற்றிய அவரது நூலைக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1899-இல் வெளியிட்டது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கரையோர விலங்குகளைப் பற்றிய அறிக்கை 1927-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அதில் முட்தோலிகளைப் பற்றி எழுதியவர் கிரேவ்லி. பிற்காலத்தில் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி. பி. ஜேம்ஸ் இப்பணியைத் தொடர்ந்தார். அந்நிலையத்தின் முட்தோலித் தொகுப்புக்கு அவர் தொகுத்த பட்டியல் 1969-இல் வெளியாயிற்று.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் கல்லைப் புரட்டினால் ஒபியோகோமா பேரினத்தைச் சேர்ந்தவற்றைக் காணலாம். அவற்றுள் ஒன்று, ஓதம் ஏறும் வேளையில் உடலைப் பொந்தில் வைத்துக்கொண்டு கைகளை மட்டும் நீட்டி, நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்துகள்களைத் துடைத்து உண்ணும். கடற்பஞ்சுகளின் துளைகளில் ஒபியாக்டிஸ் சாவிக்னியை வாழ்கிறது. ஆறு கைகளையுடைய இச்சிறு விலங்கு தட்டின் நடுவே இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. ஒவ்வொரு பாதியும் இழந்த மூன்று கைகளை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். ஆகவே மூன்று கைகள் பெரியனவாகவும் மூன்று சிறியனவாகவும் உள்ள மாதிரியைக் கண்டு, அது புதிய இனம் என மாணவர் மயங்குதல் கூடாது.

ஒரு தகட்டினால் ஓர் இனத்தை அறிதல்

நொறுங்கு நட்சத்திரம் இறந்ததும் தகடுகளைப் பிணைக்கும் திசுக்கள் சில நாட்களில் அழுகிச் சட்டகம் சிதறிவிடுகிறது. உயிருடனோ இறந்த உடனேயோ சேற்றில் புதையுண்டால் மட்டுமே முழு உருவம் நிலைக்கும். ஜெர்மனியின் ஹூன்ஸ்ரூக் பலகைக்கல்லிலும் சோல்ன்ஹோபன் சுண்ணாம்புக்கல்லிலும் கிடைத்த முழு உருவங்கள் அத்தகையவை. இவை அரிய பேறுகள். வழக்கமாகக் கிடைப்பவை சிதறிய தகடுகளே.

கணக்கிட்டுப் பார்ப்போம். கைக்கு நூறு கணுக்கள் உள்ள ஐங்கை விலங்கு ஒன்றில், கணுவுக்கு இரண்டு வீதம் ஆயிரம் பக்கத் தகடுகள் இருக்கும். ஒரே விலங்கு ஆயிரம் சான்றுகளைச் சேற்றில் விட்டுச் செல்கிறது. முழு உருவம் ஒன்றும் கிடைக்காத படிவிலும் இத்தகடுகள் கைநிறையக் கிடைக்கக்கூடும். அவற்றைக் கொண்டு இனத்தை அறியமுடியுமா என்பதே நெடுங்காலம் நிலவிய கேள்வி. முடியாது என்றால் தொல்லுயிர் வரலாற்றின் பெரும்பகுதி நமக்கு மூடிய புத்தகமாகிவிடும்.

முடியும் என்பதே அண்மைக்கால ஆய்வுகளின் விடை. 2010-க்குப் பின் மார்ட்டினோவ், துய், ஸ்டோர் ஆகியோர் உயிர்வாழும் இனங்களின் பக்கத் தகடுகளை மின்னணு நுண்ணோக்கியால் ஒப்பிட்டு, அவற்றில் மறைந்துள்ள குறிகளை வெளிக்கொணர்ந்தனர். நோக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, கைமுள் பொருந்தும் இடம். அங்கே தசைக்கு ஒன்றும் நரம்புக்கு ஒன்றுமாக இரு திறப்புகள் உண்டு. சில குடும்பங்களில் இவை வெறும் துளைகளாக அருகருகே இருக்கும். ஒபியகாந்தா முதலியவற்றில் இவற்றைச் சூழ்ந்து, சுருளைப் போல் வளைந்த மேடு ஒன்று காணப்படும். இரண்டாவது, தகட்டின் வெளிப்புற அணி. அது வழவழப்பாகவோ, கோடுகள் உடையதாகவோ, மணிகள் நிறைந்ததாகவோ இருக்கலாம். மூன்றாவது, உட்புறத்து மேடுகள். இவை முள்ளெலும்போடு பொருந்துவதற்கானவை. இவற்றின் வடிவம் பேரினத்துக்குப் பேரினம் வேறுபடும். நான்காவது, குழாய்க்காலுக்கான வழி. அது விளிம்பில் ஒரு வெட்டாக இருக்கிறதா, தகட்டையே துளைத்துச் செல்கிறதா என்பது நோக்கத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கையின் அடியிலுள்ள தகடும் நுனியிலுள்ள தகடும் ஒரே விலங்கினுடையவை ஆயினும் உருவத்தில் வேறுபடும். அடித்தகடு உயர்ந்தும், நுனித்தகடு தாழ்ந்து நீண்டும், முட்கள் குறைந்தும் இருக்கும். இளம் விலங்கின் தகடுகள் முதிர்ந்த விலங்கின் நுனித்தகடுகளை ஒத்திருக்கும். ஆகவே அடித்தகட்டை அடித்தகட்டோடும் நுனித்தகட்டை நுனித்தகட்டோடும் ஒப்பிடவேண்டும். இதனை மறந்தால் ஒரு விலங்குக்கு மூன்று பெயர்கள் சூட்டும் நிலை நேரும்.

இல்லாமையும் இழப்பும்

சட்டகத்தைக் கொண்டு வகைப்படுத்துவோர் எதிர்கொள்ளும் பெரிய இடர் எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பிலிப்பைன் கடல்களில் கிடைத்த ஒபியோகனாப்ஸ் என்னும் விலங்கைக் கோலர் 1922-இல் விவரித்தார். கைகளில் மேல்தகடும் கீழ்த்தகடும் இல்லை. இனப்பெருக்க உறுப்புகள் நடுத்தட்டில் அடங்காமல் கைகளிலும் வரிசையாக உள்ளன. தொல்லூழியில் வாழ்ந்த ஒபியூராய்டுகளிலும் இத்தகடுகள் இல்லை. ஆதலால் 1960-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து அறிஞர் பெல், இது தொல்லூழி வரிசையின் எஞ்சிய உயிர் என்று முடிவு செய்தார். மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு வரிசை இன்றும் வாழ்கிறது என்ற செய்தி பலரையும் கவர்ந்தது.

பிற்கால ஆய்வுகள் அம்முடிவை ஏற்கவில்லை. முள்ளெலும்பையும் பக்கத் தகட்டையும் நுணுகி நோக்கியபோது, அவை இக்கால இனங்களின் வடிவத்தையே காட்டின. தோல் தடித்த வேறு சில இனங்களிலும் மேல்தகடு, கீழ்த்தகடு ஆகியவை குன்றியோ மறைந்தோ உள்ளன. ஒபியோகனாப்சின் முன்னோர்க்கு அத்தகடுகள் இருந்தன. வழித்தோன்றல் அவற்றை இழந்தது என்பதே பொருத்தமான விளக்கம். முன்னரே இல்லாதிருத்தல் வேறு, இருந்து இழத்தல் வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே ஓர் உறுப்பு இல்லை என்னும் காரணத்தால் மட்டும் உறவைத் தீர்மானிப்பது பிழைக்கு இடமளிக்கும். உள்ள உறுப்புகளின் நுண்ணிய ஒற்றுமையே வலுவான சான்று.

மரபணு வைத்த தேர்வு

சட்டக வகைப்பாடு உண்மையான உறவுமுறையைக் காட்டுகிறதா என்பதைச் சட்டகத்தைச் சாராத வேறொரு சான்றால் சோதிக்கவேண்டும். அச்சான்று மரபணுக்களிலிருந்து கிடைத்தது. ஆஸ்திரேலிய அறிஞர் ஓஹாராவும் குழுவினரும் 2014-இலும் 2017-இலும் ஒபியூராய்டுகளின் மரபணுக்களைப் பெரிய அளவில் ஒப்பிட்டு உறவு மரத்தை வரைந்தனர். அதன்படி இன்றுள்ள ஒபியூராய்டுகள் இரண்டு பெரு வரிசைகளாகவும் ஆறு வரிசைகளாகவும் பிரிகின்றன.

முடிவு சிலருக்கு வியப்பளித்தது. தோலால் மூடப்பட்டுச் சுருளும் கைகளுடைய கூடை நட்சத்திரங்களுக்கு மிக நெருங்கிய உறவினர், கெட்டியான தகடுகளால் கவசமிட்ட ஒபியூரா குடும்பத்தினர் என்பது வெளியாயிற்று. கூடை நட்சத்திரங்களோடு மாட்சுமோட்டோ சேர்த்து வைத்திருந்த தடித்தோல் ஒபியோமிக்சா குடும்பமோ தொலைவில் வேறு கிளையில் நின்றது. தடித்த தோல் தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. ஆகவே அது உறவுக்குச் சான்றாகாது.

எனினும் சட்டகம் தோற்றுவிட்டது என்று கருதுதல் தவறு. துய்யும் ஸ்டோரும் 2016-இல் பக்கத் தகட்டின் நுண்ணமைப்பு உள்ளிட்ட பல சட்டகக் குறிகளை ஒருங்கே கொண்டு வரைந்த உறவு மரம், மரபணு மரத்தோடு பெரிதும் ஒத்தது. தோற்றது வெளிப்பார்வை, வென்றது நுண்பார்வை. பாறையிலிருந்து மரபணு கிடைக்காது, தகடு கிடைக்கும். அத்தகடு உண்மையான உறவைக் கூறுகிறது என்று உறுதிப்பட்டதனால், சேற்றில் சிதறிய துணுக்குகள் யாவும் காலம் குறிக்கத்தக்க சான்றுகளாயின. நொறுங்கு நட்சத்திரக் கால்வழி ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்டோவீசியன் காலத்தில் தோன்றியதென்பதும், இன்றுள்ள வரிசைகள் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பெர்மியன் பேரழிவை ஒட்டிய காலத்திலிருந்து பெருகினவென்பதும் இவ்விரு சான்றுகளையும் இணைத்துப் பெறப்பட்ட முடிவுகள்.

மலைநாட்டு மாணவர்க்கு

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ் பயிலும் மாணவர், தம் மலைகளில் இத்தகைய தொல்லுயிரெச்சங்கள் கிடைக்குமா எனக் கேட்கலாம். கிடைக்கா. காரணம் எளிது. அப்பகுதிகளில் வெளித்தெரியும் நைஸ், சார்னோகைட் முதலிய பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அஃதாவது நொறுங்கு நட்சத்திரங்கள் தோன்றுவதற்கும் முன்னவை. மேலும் அவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. ஓர் உயிரின் எச்சம் அவற்றில் இருந்திருந்தாலும் நிலைத்திராது.

ஆயினும் இருபுறமும் வாயில்கள் திறந்தே உள்ளன. மேற்கே பாரதப்புழை வழியே இறங்கினால் பொன்னானிக் கடற்கரை. தெற்கே கொல்லத்தை அடுத்த படப்பக்கரையில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கிழக்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து சென்றால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகள். 1862-இல் பிளான்போர்டு இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின்னர் ஸ்டோலிஸ்கா இவற்றின் தொல்லுயிர்களை விரிவாக விவரித்தார். காரை என்னும் ஊரையடுத்த களிமண் மேடுகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தவை. அம்மோனைட்டுகளையும் பெலம்னைட்டுகளையும் தேடி அங்குச் செல்வோர் கண்ணுக்குத் தெரியும் அளவுள்ளவற்றையே பொறுக்கிவருவர். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள தகடுகளைத் தேடவேண்டிய இடமும் இத்தகைய மென்களிமண்ணே.

செய்முறைக் குறிப்பு

களிமண்ணை உலர்த்தி, பிறகு நீரில் ஊறவைத்தால் அது தானே கரையும். கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் மெல்ல அலசி, எஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தாளின் மேல் பரப்பி உருப்பெருக்கியால் நோக்குக. ஈரமான நுண் தூரிகையின் முனையால் தகட்டை எடுக்கலாம். எக்காரணத்தாலும் அமிலம் சேர்த்தல் கூடாது; காடியும் கால்சைட்டைக் கரைத்துவிடும்.

ஒப்பிடுவதற்கு உயிர்வாழும் இனத்தின் தகடுகள் தேவை. உலர்ந்த கைத்துண்டு ஒன்றைச் சலவைக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் சில நிமிடங்கள் இட்டால் திசு கரைந்து தகடுகள் பிரியும். உடனே தூய நீரில் பலமுறை அலசவேண்டும். முழு மாதிரிகளைச் சாராயத்திலேயே வைத்தல் நன்று. பார்மலினில் நெடுநாள் வைத்த மாதிரியின் தகடுகள் அதிலுள்ள அமிலத்தால் அரிக்கப்பட்டு, பக்கத் தகட்டின் நுண்குறிகள் மறைந்துவிடும். பெயர்ச்சீட்டு அழியாமல் இருந்தும் மாதிரி பயனற்றுப்போவது இவ்வாறே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளமையால், அங்கே அனுமதியின்றி எதனையும் எடுத்தலாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

மன்னார் வளைகுடாவின் பொதுவான பேரினங்கள் சிலவற்றை அறியப் பின்வரும் இனங்காட்டி உதவும். தாடையை முதலில் நோக்குக.

1. தாடையின் ஓரத்தில் வாய்க்காம்புகள் இல்லை. முனையில் பற்காம்புகள் கொத்தாக உள்ளன. கைமுட்கள் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவன: ஒபியோதிரிக்ஸ், மேக்ரோபியோதிரிக்ஸ் முதலியவை. வாய்க்காம்புகள் உண்டெனில் 2-ஐ நோக்குக.

2. வாய்க்காம்புகளும் பற்காம்புகளும் ஒருங்கே உள்ளன. தட்டு மணிகளால் மூடப்பட்டுள்ளது: ஒபியோகோமா. பற்காம்புகள் இல்லையெனில் 3-ஐ நோக்குக.

3. தாடை முனையில் காம்புகள் இணையாக இரண்டு உள்ளன. கைகள் மெலிந்து மிக நீண்டவை. சேற்றில் புதைந்து வாழ்வன: ஆம்பியூரா குடும்பம். அவ்வாறு இல்லையெனில் 4-ஐ நோக்குக.

4. கைகள் ஆறு, உருவம் சிறிது, தாடை ஓரத்தில் ஒன்றிரண்டு காம்புகளே உண்டு: ஒபியாக்டிஸ் சாவிக்னியை. கைகள் ஐந்து, தட்டின் பெரிய செதில் ஒவ்வொன்றையும் சிறு செதில்கள் வளையமாகச் சூழ்ந்துள்ளன: ஒபியோலெப்பிஸ்.

இவ்வினங்காட்டி உயிர்வாழும் முழு விலங்குக்கு உரியது, உறவுமுறையைக் கூறுவதன்று. பெயரறிய உதவும் குறி வேறு. உறவறிய உதவும் குறி வேறு. முன்னதற்கு வெளிப்படையான ஓர் அடையாளம் போதும். பின்னதற்கு ஒன்றையொன்று சாராத பல குறிகள் ஒருமித்துச் சான்று கூறவேண்டும். லைமன் முதல் இன்றுவரை ஒபியூராய்டு வகைப்பாடு கடந்துவந்த வழி, இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொண்ட வழியே. ஒரு மில்லிமீட்டர்த் தகட்டைக் கையிலேந்தும் மாணவர், அதன் இரு புறங்களையும் நோக்கி, கையின் எப்பகுதியினது என வரையறுத்து, அதன் பின்னரே பெயர் சூட்ட முற்படுவாராக.